எதிர்மேட்டுக் குலவை

அந்தச் சன்னலை இழுத்துச் சாத்தேன் தாயி. எனக்கு முடியாது, பாத்தீல்ல, ரெண்டு கையும் கட்டு. குளிருக்காக இல்ல. கருகல் வாடை வருது பாரு, அதுக்குத்தான். இன்னும் நாலஞ்சு வளைவு தாண்டுற வரைக்கும் இப்படித்தான் வரும். ஒரு மழை பேஞ்சாப் போயிரும். மழை எங்க பெய்யுது.

ஆமா, தீக்காயம். சுடுதண்ணியான்னு மட்டும் கேக்காதே. பாக்குறவங்க எல்லாம் அதைத்தான் கேக்குறாங்க. சுடுதண்ணி கொட்டுனா ரெண்டு உள்ளங்கையும் பாத்துப் பாத்து வேகுமா? ஒருத்தி கேக்குறா, தீச்சட்டி எடுத்தியான்னு. எங்க சாமிக்குத் தீச்சட்டியே கெடையாது.

மலைத்தீ தாயி. ஈத்தங்கானல்னு ஒரு ஊரு. நீ ஏறுன நிறுத்தத்துக்கு மேல ஒரு மண்ணு ரோடு பிரியுதுல்ல, அதுல போகணும். சரி, கேட்டதால சொல்றேன். கேக்கலேன்னாலும் சொல்லியிருப்பேன். இவ்வளவு வயித்தெரிச்சலை வச்சுக்கிட்டு வத்தலக்குண்டு வரைக்கும் யாரால வாயை மூடிக்கிட்டு வர முடியும்?

தை மாசத்துல எங்க பக்கம் புகையைப் பாத்தா யாரும் பதற மாட்டாங்க. தீக்கோடு போடுற காலம் அது. தீக்கோடுன்னா, காட்டுக்குள்ள ரோடு அகலத்துக்குப் புல்லு பூண்டெல்லாம் வெட்டி, வெட்டுனதைக் காவல் இருந்து பதமாக் கொளுத்தி, வெறும் மண்ணா ஆக்கிருவாங்க. பங்குனி சித்திரையில தீ வந்தா அந்த மண்ணுகிட்ட வந்து நின்னுரும். பாரஸ்ட்டுல அதுக்கு ஊர்க்காரங்களைத்தான் கூப்பிடுவாங்க. எங்க வீட்டுக்காரரு வருசா வருசம் போவாரு. இந்த வருசம் கார்த்திகை மழை ஏமாத்திருச்சா, போதைப்புல்லு தையிலயே காஞ்சு சருகா நின்னுச்சு. ஆள் உயரப் புல்லு. தேய்ச்சா எலுமிச்ச வாசம் வரும், எண்ணெய் எடுக்குற புல்லு. எண்ணெய் இருக்குற புல்லுல தீப்பட்டா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்.

எங்க வீடு தனி வீடு. ஓடைக்கு இந்தப் பக்கம் வீடும் காப்பித் தோட்டமும். தோட்டத்துக்கு மேல புல்லுக்காடு. ஓடைக்கு அந்தப் பக்கம் ஊரு. எதிர்மேடுன்னு சொல்லுவோம். கண்ணுக்கு நேரா இருக்கும். அங்க நாய் குலைச்சா இங்க கேக்கும். ஆனா பேச்சு கேக்காது, காத்து வார்த்தையைப் பிச்சுப் போட்டுரும். எறங்கி ஏறிப் போகணும்னா முட்டி கழண்டுரும். அங்கதான் எங்க நாத்தனா இருக்கா. பவளக்கொடி. எங்க வீட்டுக்காரருக்கு ஒரே தங்கச்சி. ஒரே தங்கச்சி, ஒரே தங்கச்சின்னு அவரு சொல்லிச் சொல்லி எனக்கும் அப்படியே வருது.

எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்ல. ஏன்னு கேளு.

எங்க மலையில எந்தக் கோயில்ல கும்பிடு போட்டாலும், எந்த வீட்டுல நல்லது நடந்தாலும், குலவை போட என்னையத்தான் கூப்பிடுவாங்க. பெருமைக்குச் சொல்லல. நாக்கைச் சுழட்டி நான் ஒரு குலவை விட்டேன்னா அடுத்த மலையில இருக்குறவன் எந்திரிச்சு நிப்பான். மத்தவளுக போடுறது குலவையா? கோழி கூவுற மாதிரி இருக்கும். பவளக்கொடி புது வீடு கட்டிப் பால் காய்ச்சுனா. அவ புருசன் பக்கத்துச் சொந்தம் மதுரையிலேருந்து காருல வந்திருந்தாங்க. பால் பொங்குச்சு, நான் குலவை விட்டேன். ஒண்ணுதான் விட்டிருப்பேன். இவ என் காதுகிட்ட வந்து, "மதினி, கொஞ்சம் மெதுவாப் போடுங்க. அவங்களுக்குக் காது அடைக்குதாம்" அப்படிங்கிறா. அந்த மதுரைக்காரி ஒருத்தி சிரிச்சா. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா தாயி.

மெதுவாப் போடுறதுக்குப் பேரு குலவையா? நீயே சொல்லு.

ஆரத்தித் தட்டை அங்கயே வச்சேன். எல்லாரு முன்னாடியும் சொன்னேன். இனி உன் வீட்டு நல்லதுக்கு என் வாயில குலவை வராது, உன் வாசப்படியை மிதிக்க மாட்டேன், என் வீடே பத்தி எரிஞ்சாலும் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வாயில வந்ததைச் சொன்னதுதான். ஆனா சொன்னா சொன்னதுதானே. அதுக்கப்புறம் ரெண்டு தைப்பொங்கல் போச்சு. எதிர்மேட்டுப் பக்கம் நான் தலை வச்சுக்கூடப் படுக்கல.

இந்த வருசம் அவ மக பெரிய மனுசி ஆனா. யாழினின்னு பேரு. நல்ல புள்ள, என்கிட்டத்தான் ஒட்டிக்கிட்டுத் திரியும். சடங்கு வச்சாங்க. எனக்கு ஒரு சொல்லு சொல்லல. கூப்பிடவே இல்ல. வந்தா, ஒரு நாளு வந்தா. புருசனையும் கூட்டிக்கிட்டு, வெத்தலை பாக்கு பழத்தோட தட்டைத் தூக்கிக்கிட்டு ஓடை எறங்கி ஏறி வந்தா. நான் கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்திருந்தேன். "மதினி, மதினி"ன்னு கொஞ்ச நேரம் தட்டிப் பாத்துட்டு, தட்டை வாசல்ல வச்சிட்டுப் போயிட்டா. அது கூப்பிட்டதா ஆகுமா? கூப்பிடுறதுன்னா மொகத்தைப் பாத்துக் கூப்பிடணும். பழத்தை எல்லாம் கொரங்கு தின்னுட்டுப் போச்சு.

எங்க வீட்டுக்காரரு அன்னைக்கு ராவு சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருந்தாரு, வாயில வைக்கல. "ஒரே தங்கச்சி. தாய்மாமன் நான் இல்லாம எப்படி? குச்சு யாரு கட்டுவா?"ன்னாரு. எங்க பக்கம் சடங்கன்னைக்குத் தாய்மாமன் காட்டுக்குப் போயிப் பச்சைத் தழை வெட்டியாந்து குச்சு கட்டணும். சின்னதா ஒரு தழைக் குடிசை. அதுல புள்ளைய உக்கார வச்சுத்தான் மத்த சீரெல்லாம். நான் போகாதீங்கன்னு சொல்லவே இல்ல. சத்தியமாச் சொல்லல. "தாராளமாப் போங்க, போயிட்டுத் திரும்பி வர்றப்ப வீட்டுல நான் உசுரோட இருக்க மாட்டேன்"னு சொன்னேன், அவ்வளவுதான். அவரு கையைக் கழுவிட்டுப் படுத்துட்டாரு.

நான் என்ன நெனச்சேன்? சரி, நம்ம மனசு அவருக்குப் புரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்.

சடங்கன்னைக்குக் காலையில அருவாளை எடுத்து இடுப்புல சொருகுனாரு. "தீக்கோட்டுக்குப் போறேன். ஆள் பத்தலைன்னு இருளப்பன் சொன்னான்"னாரு. இருளப்பன் எங்க பக்கத்துத் தீக்காவலு. மொகத்தைப் பாக்காமச் சொன்னாரு. அவரு எப்பவுமே மொகத்தைப் பாத்துப் பேச மாட்டாரு, அதனால எனக்கு ஒண்ணும் தோணல. தங்கச்சி வீட்டுச் சோத்தை விட்டுட்டு வேலைக்குப் போறாரேன்னு எனக்கு அப்படியே மனசு எளகிப் போச்சு. தூக்குவாளியில சோறு போட்டு, கொள்ளுத் தொவையல் அரைச்சு வச்சு, மேல ரெண்டு முட்டை அவிச்சு வச்சேன். ரெண்டு முட்டை! வீட்டுல இருந்ததே அவ்வளவுதான்.

எதிர்மேட்டுல விடியக்காலமே மைக்செட்டு கத்த ஆரம்பிச்சிருச்சு. நான் காப்பிக்கொட்டையைக் களத்துல கெளறிக்கிட்டே மேல பாத்தேன். புல்லுக்காட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளையாப் புகை கெளம்புச்சு. நேரா, ஆடாம அசையாம. கோட்டுப் புல்லைக் கொளுத்துறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அந்தப் புகையைப் பாக்கப் பாக்க எனக்கு ஒரு சந்தோசம் தாயி. நீங்க கத்துங்கடி மைக்குல, எங்க ஆளு அங்க இல்ல, பாரு, அந்தப் புகைகிட்ட இருக்காருன்னு மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டேன். கெளறுறதும் பாக்குறதும், கெளறுறதும் பாக்குறதுமா இருந்தேன்.

வெயிலு ஏறவும் காத்து திரும்புச்சு. நின்ன புகை படுத்துருச்சு. வெள்ளையா இருந்தது பழுப்பாகி, மஞ்சளாகி, கும்முன்னு பெருத்துருச்சு. அப்புறம் சத்தம். எண்ணெய்ச் சட்டியில கடுகு போட்ட மாதிரி, மலை முழுக்கச் சடசடன்னு. காட்டெருமை நாலஞ்சு எங்க தோட்டத்தை மிதிச்சுக்கிட்டுக் கீழ ஓடுது. கோட்டுத் தீ கையை மீறிப் புல்லுக்குள்ள பூந்துருச்சு. யாரைக் குத்தம் சொல்ல? காத்து திரும்புனா யாரு என்ன செய்ய முடியும். ஆனா அவரு அங்க இருக்காரு. எங்க வீட்டுக்காரரு அந்த மஞ்சப் புகைக்குள்ள இருக்காரு. எனக்கு அது ஒண்ணுதான்.

போனா? எங்க பக்கம் டவர் ஏது. பாறை மேல ஏறி நின்னாத்தான் ஒரு கோடு காட்டும். அந்தப் பாறையே புகைக்குள்ள போயிருச்சு.

எதிர்மேட்டைப் பாத்துக் கத்துனேன். தீ, தீன்னு கத்துனேன். அந்த ஒத்தை எழுத்து ஓடையைத் தாண்டுமா? மைக்செட்டு வேற. பேரைச் சொல்லி நீட்டிக் கூப்பிட்டிருந்தா ஒருவேளை கேட்டிருக்கும். ஏ... பவளக்கொடீ...ன்னு. ஆனா கூப்பிட மாட்டேன்னு ஊரு முன்னாடி சொன்னவ நான். அந்த நேரத்துலயும் அது எனக்கு ஞாபகம் இருந்துச்சு பாரு. அதனால குலவை விட்டேன்.

வேற என்ன செய்ய? என்கிட்ட இருக்குறதுலயே பெரிய சத்தம் அதுதான். அடிவயித்துலேருந்து எடுத்து விட்டேன். மூச்சு முட்டுற வரைக்கும் விட்டேன்.

மைக்செட்டு நின்னுச்சு. அப்பாடா, கேட்டுருச்சுன்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்ல. அப்புறம் எதிர்மேட்டுலேருந்து குலவை வருது தாயி! ஒருத்தி ரெண்டு பேரு இல்ல, பந்தல்ல இருந்த அத்தனை பொம்பளைகளும் சேந்து. அதுக்குப் பின்னாடி கொட்டு. எனக்கு ஒண்ணும் புரியல. திரும்ப விட்டேன். திரும்ப விடுறாளுக. நான் மூணாவது விட்டேன், மேளக்காரன் மூணாவது கொட்டு கொட்டுறான். இங்க என் புருசன் வேகுறாரு, அங்க நக்கல் பண்ணிக்கிட்டு நிக்கிறாளுகன்னு நெனச்சேன். மண்ணை வாரி அந்தப் பக்கம் வீசுனேன். அது களத்துலயே விழுந்துச்சு.

அப்புறந்தான் தெரிஞ்சது என்ன நடந்துச்சுன்னு. புகையை அவங்களும் பாத்திருக்காங்க, கோட்டுப் புல்லுன்னு விட்டுட்டாங்க. என் குலவை கேக்கவும் பவளக்கொடிதான் மைக்கை நிப்பாட்டச் சொல்லியிருக்கா. "எங்க மதினி மனசு எறங்கிட்டாங்க, வர முடியலேன்னாலும் வீட்டுலேருந்து குலவை போடுறாங்க"ன்னு சொல்லி அழுதாளாம். அழுதாளாம்! நல்லாக் காது குடுத்துக் கேக்கத் தெரியாதவளுக்கு அழுகை மட்டும் வருது. நான் போட்டது நல்லதுக்குப் போடுற குலவையா? நல்லதுக்குப் போட்டா நாக்கு உருளும். இது கெடந்து நடுங்குச்சு. அது தெரிய வேண்டாமா கூடப் பழகுனவளுக்கு?

அதுக்கு மேல நான் நிக்கல. ஒரு சாக்கைத் தொட்டியில முக்கித் தோள்ல போட்டுக்கிட்டு மேல ஏறுனேன். தோட்டத்தைத் தாண்டுறதுக்குள்ள கண்ணு எரிஞ்சு தண்ணியாக் கொட்டுது. காக்காக் கூட்டம் மாதிரிக் கரி பறந்து வருது. புல்லுக்காட்டு ஓரத்துல இருளப்பனும் இன்னும் மூணு பேரும் தழையால அடிச்சுக்கிட்டு இருக்காங்க. மொகமெல்லாம் கறுத்துப் போயி யாரு யாருன்னே தெரியல. ஒவ்வொருத்தன் மொகமாப் பாத்தேன். அவரு இல்ல.

"எங்கடா அவரு?"ன்னு கேட்டேன். சத்தத்துல கேக்கல. இருளப்பன் என்னைப் பாத்துக் கீழ போ, கீழ போன்னு கையை ஆட்டுறான். "அவரு எங்கடா?"ன்னு திரும்பக் கத்துனேன். அவன் வாயி அசையுது, ஒண்ணும் விளங்கல. கையை நீட்டிக் காட்டுனான். கீழ்ப்பக்கம், ஓடைப் பக்கம்.

அவன் காட்டுனது எதிர்மேட்டை. அவரு அங்க இருக்காரு, தங்கச்சி வீட்டுல இருக்காருன்னு சொல்லியிருக்கான். நான் பாத்தது நடுவுல இருக்குற பள்ளத்தை. ஓடைக்கு எறங்குற பள்ளம், சாம்பப் புகை நெறஞ்சு தளும்பிக்கிட்டு நிக்கிது. அதுக்குள்ள விழுந்து கெடக்காருன்னு நெனச்சுக்கிட்டு எறங்கிட்டேன்.

கூப்பிட்டேன் தாயி. என்னங்க, என்னங்கன்னு கூப்பிட்டேன். இத்தனை வருசமா அப்படித்தானே கூப்பிடுறது. அந்தப் புகைக்குள்ள என்னங்கன்னா யாருக்குக் கேக்கும்? என்னங்கன்னா அது யாரு? அப்புறம் பேரைச் சொன்னேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து என் வாயில வராத பேரு. ரேஷன் கடையில கேட்டாக்கூட கார்டை நீட்டிருவேன், சொல்ல மாட்டேன். கூச்சம். அதைப் போயி அந்தப் பள்ளம் முழுக்கக் கத்துனேன். விதவிதமாக் கத்துனேன். முழுப்பேரு சொல்லி, பாதிப்பேரு சொல்லி, அவரு அம்மா கூப்பிடுற செல்லப் பேரு சொல்லி, வாடா போடான்னுகூடச் சொன்னேன்னு நெனைக்கிறேன். எந்திரிச்சு வாடா, என்னைய விட்டுட்டுப் போயிராதடான்னு.

அப்பத்தான் பாத்தேன். காலுக்குக் கொஞ்சம் தள்ளி ஆளு குப்புறக் கெடக்குற மாதிரி இருந்துச்சு. நீலச் சட்டை. காலையில அவரு நீலச் சட்டைதான் போட்டுக்கிட்டுப் போனாரு. ஓடிப் போயி ரெண்டு கையாலயும் தோளைப் பிடிச்சு இழுத்தேன்.

மரம் தாயி. விழுந்து கெடந்த பட்ட மரம். மேல சாம்பல் பூத்து நீலமாத் தெரிஞ்சிருக்கு. உள்ள பூராவும் கங்கு. சூடு தெரியிறதுக்குள்ள நான் அதைக் கட்டிப் பிடிச்சுட்டேன். தெரிஞ்ச பெறகும் உடனே விடல. அது மரம்னு மனசு ஒத்துக்கலை.

இருளப்பன்தான் பின்னாடியே வந்து என் முடியைப் பிடிச்சு இழுத்திருக்கான். ஓடைத் தண்ணிக்கிட்டக் கொண்டாந்து போட்டான். அதுக்குள்ள தீ பாறை மேல ஏறுனது எதிர்மேட்டுக்குத் தெரிஞ்சிருச்சு. ஊரே எறங்கி ஓடி வந்துச்சு. பட்டுச் சேலையும் வெள்ளை வேட்டியுமா. கையில ஆளுக்கொரு பச்சைத் தழை. தழை வெட்ட நேரம் இல்லேன்னு அந்தப் புள்ளை உக்காந்திருந்த குச்சையே பிரிச்சு எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. ஓடைக்கரையில எதிர்த்தீ வச்சாங்க. இங்கேருந்து நாமளே ஒரு தீயை வச்சு மேல அனுப்புனா, அது போயி அந்தத் தீக்குத் தீனி இல்லாமப் பண்ணிரும். பொழுது சாயுறப்ப அணைஞ்சிருச்சு. எங்க தோட்டத்துல மேலத்து மெளகுக் கொடிதான் போச்சு. வீடு தப்பிச்சிருச்சு.

அதை விடு. அந்தக் கூட்டத்துல முன்னாடி ஓடி வந்தவரு யாருன்னு கேளு.

உசுரோட இருக்காரு. கண்ணு தெரியுது, காலு இருக்கு, ஓடி வர்றாரு. அந்த ஒரு நிமிசம் தாயி, அந்த ஒரு நிமிசம் எனக்குக் கை இருக்குறதே மறந்து போச்சு. சாமி, எனக்கு ஒண்ணும் வேணாம், இது போதும்னு நெனச்சேன். பக்கத்துல வந்து உக்காந்தாரு. நெத்தியில சந்தனம். நடுவுல குங்குமம். தோள்ல புது அங்கவஸ்திரம், சரிகைக் கரை போட்ட வேட்டி. கழுத்துல மாலையைக் கழட்டிப் போட்டுட்டு வந்த அவசரத்துல ஒரு ரோசாப்பூ இதழ் ஒட்டிக்கிட்டு இருக்கு.

எல்லாரும் அழுறாங்க, கத்துறாங்க, கைக்கு மஞ்சளைக் கொண்டா, வாழைக் குருத்தைக் கொண்டான்னு. நான் அவரைப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்.

"சாப்பிட்டாச்சா?"

அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "இன்னும் பந்தி போடல"ன்னாரு.

சிரிக்காதே. சிரிப்பு வரும், எனக்குத் தெரியும். அந்த மனுசனுக்குப் பொய்யும் சொல்லத் தெரியாது, உண்மையும் சொல்லத் தெரியாது. ஆனா எவ்வளவு பெரிய பொய்யை எவ்வளவு பேரைச் சேத்துக்கிட்டுச் சொல்லியிருக்காரு பாரு. அந்த அருவாளை எடுத்துக்கிட்டுப் போனது குச்சுக்குத் தழை வெட்ட. வேட்டியும் துண்டும் முந்துன நாளே இருளப்பன் கொட்டாயில கொண்டு போயி வச்சிருக்காரு. தூக்குவாளியை அவன்கிட்டயே குடுத்துட்டுப் போயிட்டாரு. என் ரெண்டு முட்டையையும் தின்னது இருளப்பன்! மேளக்காரனுக்குத் தெரியும், பூசாரிக்குத் தெரியும், யாழினிக்குத் தெரியும். "அத்தைக்குத் தெரியாம மாமா வந்துட்டாரு"ன்னு ஊரே சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கு. நான் குலவை விட்டப்ப இவரும் அங்கதான் உக்காந்திருக்காரு. எம் பொண்டாட்டி மன்னிச்சிட்டான்னு துண்டால கண்ணைத் தொடைச்சாராம். என் கூட இத்தனை வருசம் குடும்பம் நடத்துன மனுசன், நான் கதறுறதும் வாழ்த்துறதும் ஒண்ணுன்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருந்திருக்காரு.

அவரு அந்தப் பள்ளத்துல வெந்து கெடந்திருந்தாக்கூட நான் மனசை ஆத்திக்கிட்டிருப்பேன். வாயில அடிச்சுக்கறேன், இருந்தாலும் சொல்றேன். எம் புருசன் சொன்ன எடத்துல இருந்தாரு, வேலையில போயிட்டாருன்னு இருந்திருப்பேன். இது என்ன தாயி? நான் எந்த மரத்தைக் கட்டிப் பிடிச்சேன்? யாருக்காக?

அவரைக் கேக்குறியா? கேக்க வேண்டியதில்ல, பாத்துக்க. பின் சீட்டுல, மடியில மஞ்சப் பையை வச்சுக்கிட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவருதான். பக்கத்துல உக்கார வேண்டாம்னு நான் சொல்லல. முழங்கையில மாட்டியிருந்த பையைச் சீட்டுல சரிச்சு விட்டேன், அவரே பின்னாடி போயிட்டாரு. நீ ஏறவும் வந்து பையையும் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. இன்னைக்குக் கட்டுப் பிரிச்சுப் பாத்துட்டு நான் தேனியில என் தம்பி வீட்டுக்குப் போறேன். மலை ஏறப் போறதில்ல. அவருகிட்டச் சொல்லல. பேசுனாத்தானே சொல்றது?

அன்னையிலேருந்து அவருதான் ஊட்டி விடுறாரு. வாயைத் தெறக்குறேன், வேற வழி? தலை சீவி விடுறாரு, கோணலாச் சீவுறாரு, பாரு இந்த வகிடை. பவளக்கொடி தெனம் கஞ்சி வச்சு ஓடை எறங்கி ஏறிக் கொண்டாந்து குடுத்துட்டுப் போறா. கதவுக்கு வெளியவே நிக்கிறா. நிக்கட்டும்.

பாரு, டீக்கு நிப்பாட்டிட்டான். இங்க எப்பவும் நிப்பாட்டுவான். ம்... எறங்கிட்டாரு. சன்னல்கிட்ட வந்து நிப்பாரு பாரு. நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். என்ன கேக்குறாரு? டீயா? எனக்கு வேணாம்னு சொல்லு. ஆத்திக் குடுக்குறேங்குறாரா? வேணாம்னு சொல்லு தாயி. போயிட்டாரா? எப்படியும் வாங்கிட்டுத்தான் வருவாரு.

ஒண்ணு சொல்றேன், இதை யாருகிட்டயும் சொல்லல. நான் பள்ளத்துல பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்ல, அது இருளப்பன் காதுல விழுந்திருக்கு. அவன் போயி இவருகிட்டச் சொல்லிட்டான். அன்னையிலேருந்து இந்த மனுசனுக்கு வேற நெனப்பே இல்ல. சோத்தை ஊட்டிக்கிட்டே மெதுவாக் கேக்குறாரு, "ஏ குருவம்மா, என்னைய எப்படிக் கூப்பிட்ட? ஒரு தடவை சொல்லேன்"ங்கிறாரு. கூச்சம் இல்லாம. இருளப்பன்கிட்டப் போயி, அவ எப்படிடா சொன்னா, அதே மாதிரி சொல்லிக் காட்டுன்னு கெஞ்சியிருக்காரு. அவன் சொல்லிக் காட்டியிருக்கான் போல. அது மாதிரியா இருக்கும்? அவன் தொண்டையில வருமா அது? நான் சொன்னதைச் சொன்ன மாதிரி கேக்கணும்னா அங்க இருந்திருக்கணும். இருந்திருந்தாக் காதாரக் கேட்டிருக்கலாம்.

என்ன, வண்டி எடுத்துட்டானா? எல்லாரும் ஏறியாச்சான்னு பாக்குறதில்லையா இந்தக் கண்டக்டரு? அவரு இன்னும் கடையிலதான் நிக்கிறாரு. முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு, டீயை ஆத்திக்கிட்டு நிக்கிறாரு. வண்டி நகருறது தெரியல அவருக்கு. ஏய் கண்டக்டரு! எங்க, அவன் முன்னாடி போயி டிரைவர்கிட்டப் பேசிக்கிட்டு நிக்கிறான். எனக்குக் கம்பியைத் தட்டக்கூடக் கையில்ல. நீ கூப்பிடு தாயி. சன்னலைத் தெறந்து சத்தமாக் கூப்பிடு.

பேரு தெரியாம எப்படிக் கூப்பிடுறதுன்னா கேக்குற?

பேரு...

விடு. திரும்பிப் பாத்துட்டாரு போல. டம்ளரை வச்சுட்டாரா? ஓடி வர்றாரா? வரட்டும். நல்லா ஓடி வரட்டும். அன்னைக்கு நான் ஓடுனேன்ல.

ஏறிட்டாரா? நீ பாத்துச் சொல்லு தாயி. நான் திரும்ப மாட்டேன். படியைப் பிடிச்சுட்டாரா?